கயிறிழுத்தலுக்கு ஆதாரம்

பாலத்தடித் தேயிலைத் தோட்ட வாசகசாலையின் பொன்விழா மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு, பள்ளி ஆசிரியரான என்னிடம் வந்தது. ஆண்களின் காற்பந்து வெற்றிகள் அனைத்தையும் வாய்ச்சொல்லை நம்பியே ஏற்றுக்கொண்ட மலர்க்குழு, ஒரு செய்திக்கு மட்டும் ஆதாரம் கேட்டது. 1979ஆம் ஆண்டு விளையாட்டு விழாவில், கொழுந்து பறிக்கும் பெண்கள் எண்மர் தோட்ட அலுவலக ஆண்களைக் கயிறிழுத்தலில் வென்றார்கள் என்பதே அச்செய்தி. சொன்னவர், அப்பெண்கள் அணியின் தலைவி நல்லம்மா.

“ஆதாரம் இருந்தா போடலாம் மாஸ்டர்,” என்றார் மலர்க்குழுத் தலைவர் சிவஞானம். அவர் அதே அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர்.

இது என்ன நீதி? எனக்குப் பொறுக்கவில்லை.

நல்லம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. “லயத்து வீடுகள்ல எல்லாரும் என்ன ‘பயில்வான் அக்கா’ன்னு கேலி பண்றாங்க சேர். மலர்லயும் வரலன்னா, நான் பொய்க்காரின்னே ஆயிடும்.”

வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகவேண்டும். புதன்கிழமை பதுளைக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் லத்தீபின் மேல்மாடியில், அவருடைய தந்தையார் சேர்த்த பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. 1979ஆம் ஆண்டுக் கட்டை முழுவதும் புரட்டினேன். அக்கால அச்சுப்பிழைகள் வேறு என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தன. பாலத்தடி என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை.

“என்ன சேர், இன்னும் ஆம்பிடல்லயா?” என்று தேநீருடன் வந்தார் லத்தீப். “எங்கட வாப்பா இந்தப் பேப்பர்ல ஒண்டையும் சாமான் சுத்தக் குடுக்க இல்ல. தும்மியே எல்லாத்தையும் பறக்க உட்டுராதீங்க.”

“பாலத்தடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, லத்தீப்.”

“பாலத்தடியா? அது நீங்க கூப்பிடுற பேர். எங்கட பில்லுல ஒருநாளும் அப்பிடி எழுதினதில்ல. ஆர்டன்வெல் எண்டு பாருங்க!”

எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள். வெள்ளைக்காரத் துரைமார் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும். நாங்கள் இட்ட பெயர் வாயில் இருக்கும். அங்கேயே பிறந்தவனாதலால் வாயில் இருந்ததையே தேடியிருக்கிறேன். மீண்டும் புரட்டினேன். ஓகஸ்ட் மாத இதழொன்றில் கிடைத்தது: ‘ஆர்டன்வெல் தோட்டப் பெண்கள் அலுவலர் அணியை வீழ்த்தினர்.’ மேலே ஒரு பெரிய படம்! நான் துள்ளியதில் தேநீர் கவிழ்ந்தது. லத்தீப் பத்திரிகையைத்தான் முதலில் காப்பாற்றினார்.

மறுநாள் நல்லம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் மலர்க்குழுவின் முன் படத்தை வைத்தேன். ஒருபுறம் எட்டுப் பெண்கள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தார்கள். முன்னால் பல்லைக் கடித்தபடி நல்லம்மா. மறுபுறம் ஆண்கள் கயிற்றைக் கைவிட்டுச் சிதறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சேற்றில் குப்புற விழுந்து, தலையை நிமிர்த்திக் கிடந்தார்.

“அட, நம்ம தலைவரு!” என்று யாரோ கூவ, வாசகசாலை சிரிப்பால் அதிர்ந்தது.

சிவஞானத்தின் முகம் சிவந்தது. நல்லம்மாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. “அவரு பக்கத்த வெட்டிட்டுப் போடுங்க சேர். நாங்க மட்டும் இருந்தாப் போதும்.”

“வரலாற்றுச் சான்றை வெட்டுவதா? முடியாது!” என்றேன்.

சிவஞானம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“வெட்டாதீங்க மாஸ்டர். நல்லாப் பாருங்க, எல்லாப் பயலும் கயித்த உட்டுட்டான். நான் மட்டும் உடல!”

“ஆமாங்க,” என்றார் நல்லம்மா. “அதான் உங்களயும் சேத்து இழுக்க வேண்டியதாப் போச்சு.”