தூள் கொட்டாத காளான்

சித்தையன்கோட்டையில் எனக்கு ஒரு காளான் குடில் இருக்கிறது. சிப்பிக்காளான் விரிந்தால் வெள்ளைத் தூள் கொட்டும். அந்தத் தூள் இரண்டு வருடமாக என் நெஞ்சுக்குள் குடியிருந்தது. "குடிலை விடுங்க, இல்ல தூளை விடுங்க" என்றார் டாக்டர். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இருமினால் என் மாமியார் கண்ணம்மாள் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

காளான் ஆராய்ச்சி செய்யும் நாகல் நகர் முஹ்சினாதான் புது ரகம் கொண்டுவந்தாள். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"அந்தத் தூள்தான் காளானோட வித்து, அக்கா. அது உருவாகணும்னா பெத்த ரெண்டு பக்கத்துலருந்தும் வந்த குரோமோசோம் ஜோடி சேந்து, துண்டு மாத்திக்கிட்டுப் பிரியணும். அதுக்குக் குரோமோசோமுல முதல் வெட்டு வெட்டுறது ஒரு என்சைம். இந்த ரகத்துல அது வேலை செய்யாது. ஜோடி சரியா சேராது, பிரியறதும் கோளாறாயிரும், தூளும் வராது. காளான் மட்டும் நல்லா வரும்."

நல்லாவே வந்தது. அந்த மாதம் முழு மூச்சு விட்டேன். அது எவ்வளவு சுகம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "கல்யாணமாகி நாலு வருசமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சியக் காணோம். இதுல மலட்டுக் காளான் வேற வீட்டுக்கு வந்துருச்சா?" தூள் கொட்டிய காளான் இருந்த காலத்தில் மட்டும் ஏன் உண்டாகவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தை பழனிக்கு நேர்ந்துகொண்டு சிறுமலை வாழைப்பழம் ஒரு தார் வாங்கிவந்தார்.

"வாழைப்பழத்துலயும் முளைக்கிற விதை கிடையாதே அத்தை" என்றேன்.

"அது சாமிக்குப் போறது."

என் கணவர் பழனிக்குமார் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அம்மா பக்கம் சாய்ந்தார். "பழைய ரகத்தையே போடு. மூக்குல துணியக் கட்டிக்க."

"போடுறேன். பறிக்கிறது நீங்க."

கோபத்தில் சொன்னேன். அவர் வீராப்பில் ஒத்துக்கொண்டார்.

பழைய ரகம் விரிந்தது. விடியலில் குடிலுக்குள் போய் அவரே பறித்தார். ஒரு வாரம் தாங்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினார். அத்தை வெந்நீரோடு ஓடிவந்தார்.

"என்ன அப்பு, மூச்சு இப்படி இளைக்குது?"

"குடில்ல தூளும்மா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "இம்புட்டுத் தூளுக்குள்ள மனுசன் மூச்சு விடுவானா? அந்தப் புதுசையே போடு. இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. புருஷன் படும் பாட்டைப் பொறுக்காமல் மருமகள் அழுகிறாள் என்று அத்தை பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.