லிஃப்டுக்கு ஒரு கடிதம்

மேனேஜருக்கு இங்கிலீஷ் இலக்கணம் என்றால் உயிர். எழுவாய் ஒருமையாக இருந்து வினை பன்மையாகிவிட்டால் அவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. அவருடைய சிவப்புப் பேனா படாமல் அந்த ஆபீஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட வெளியே போகாது.

லிஃப்ட் அடிக்கடி பாதியில் நின்றுவிடுகிறது, ஆள் அனுப்புங்கள். லிஃப்ட் கம்பெனிக்கு எழுதவேண்டிய இந்த இரண்டு வரியை டைப்பிஸ்ட் மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் 'இஸ்'ஸை அடித்துவிட்டு 'ஆர்' போட்டார்; மறுநாள் அதையே அடித்து 'இஸ்' போட்டார். 'இட்'டா 'தே'யா என்று அரை நாள் மோட்டுவளையைப் பார்த்தார். கடைசியில், "என்னத்தப் படிச்சுக் கிழிச்சே?" என்று எல்லார் முன்னாலும் காகிதத்தை அவள் மேல் வீசினார். பெரிய மேதாவி! ஒரு போன் போட்டிருந்தால் ரெண்டு நிமிஷ வேலை.

நாலாம் நாள் லிஃப்டுக்குள்ளிருந்து கதவைத் தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா? கம்பெனிக்குச் சொல்லுங்க!" மேனேஜரின் குரல்தான்.

டைப்பிஸ்ட் டீயைக் குடித்து முடித்தாள். கடிதத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துவந்து கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள்.

"அவசரமே இல்ல சார். நிதானமா திருத்திக் குடுங்க, அனுப்பிடறேன்."