கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒருத்தி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடமிருந்து வந்தது. கார் எனக்கு வரவில்லை, கதைதான் வந்தது. ஏழாவது ஓட்டுநர் வகுப்பில், பின்னால் எடுத்து நிறுத்தும் பாடத்தில், ஒரு குப்பைத் தொட்டியை இடித்துச் சாய்த்தேன். டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, கண்ணை மூடி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடின்னா இப்போ இறங்கி ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வந்திருப்பேன். இப்போ உங்களைத்தான் முறைக்க வேண்டியிருக்கு."

"விட்டுட்டீங்களா? நல்ல விஷயம்தானே!"

"நல்ல விஷயம்தான். ஆனா விட்டதிலேருந்து எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கே கீழ்வீட்டம்மா சொல்லித்தான் தெரியுது."

அதற்குப் பிறகு நான் ஓட்டியதெல்லாம் அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான். நான் எழுதுவது குடும்பக் கதைகள். கணவனும் மனைவியும் மூன்றாம் பக்கத்தில் முறைத்துக்கொள்வார்கள், எட்டாம் பக்கத்தில் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். இதுவும் எட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஐந்து மாதமாகிறது. தேநீர் ஆறிப்போய்விட்டது.

2

தொடக்கங்களை எழுதி எழுதி அடித்தேன். அடித்ததை ஒளிக்கவில்லை, பாருங்கள்.

அவள் சிகரெட்டை விட்ட அன்று வானம் வெளுத்து... (வானத்துக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?)

அவன் சிகரெட்டை விட்டுத் தொண்ணூற்றாறு நாள் ஆகியிருந்தது. (ஆமாம், "அவன்". என் கோழைத்தனம். ஆண் பிடித்தால் அது பழக்கம், பெண் பிடித்தால் அதுவே கதையாகிவிடுகிறது. ஏன் பிடித்தாள், யார் பழக்கினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், பதில் சொல்லியே என் பக்கம் தீர்ந்துவிடும். ஆனால் அவனாக்கிய மறுநிமிடம் கதை செத்துவிட்டது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் பிடித்தாள், தொண்ணூற்றாறு நாளாகப் பிடிக்கவில்லை. ஏன் தொடங்கினாள் என்று கேட்காதீர்கள். அவள் அப்பாவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

இது இருக்கட்டும்.

3

மூன்றாவது மாடி வீடு. வீடு அப்பாவுடையது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததால், பேச்சைவிடக் கைச்சாடைதான் அவருக்குச் சரளம். கணவன் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவன். அந்த இரைச்சலில் பழகிய காது, எதையும் இரண்டு முறை சொன்னால்தான் வாங்கும். அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தனி வீடு இருக்கிறது, ஆனால் தினமும் மாலை இங்கேதான். மூவரும் புகைப்பவர்கள்.

கூடத்தையும் பால்கனியையும் பிரிப்பது ஒரு தள்ளுக் கண்ணாடிக் கதவு. இந்தக் குடும்பம் சாப்பிடுவது கூடத்தில், தூங்குவது அறைகளில், முடிவெடுப்பது பால்கனியில். அண்ணனுக்குப் பெண் பார்த்தது, அப்பாவின் கண் அறுவைக்கு நாள் குறித்தது, எல்லாமே அங்கேதான். டீச்சருக்கும் அங்கே ஒரு குரல் இருந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது அம்மா மட்டும் உள்ளே இருப்பார். எல்லாம் முடிவான பிறகு அவருக்குச் செய்தி வரும். (டீச்சர் ஏன் தொடங்கினாள் என்று கேட்க வேண்டாம் என்றேன் அல்லவா. கேட்காமலே ஒருவேளை... சரி, விடுங்கள்.)

விட்ட முதல் நாளே அவள் சட்டம் போட்டாள். வீட்டுக்குள் யாரும் பிடிக்கக் கூடாது. நான் கதவின் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே வர மாட்டேன். பன்னிரண்டாம் நாள், அண்ணனிடம் செல்போனைக் கொடுக்க ஒரே ஒரு முறை தாண்டினாள். அவளைக் கேட்காமலே அவளுடைய இரண்டு விரல்கள் பால்கனித் திட்டின் மேல் இருந்த சிகரெட் பெட்டியை நோக்கி நீண்டன. அந்த விரல்களைப் பார்த்துப் பயந்து உள்ளே ஓடி வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த மூன்று ஆண்களும் கெட்டவர்களாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! இல்லையே. சொன்ன சொல்லை அப்படியே கேட்கிறார்கள். கணவன் கை கழுவி, புதினா மிட்டாய் மென்று, சட்டையை உதறிவிட்டுத்தான் அவள் பக்கத்தில் உட்காருகிறான். அப்பா புகை இம்மிகூட உள்ளே வரக் கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்துகிறார். அவ்வளவு நன்றாகச் சாத்துவதால்தான் ஒரு சொல்கூடக் கேட்பதில்லை.

இந்த நிலையில் தொண்ணூற்றிரண்டாம் நாள், மாடிப்படியில் கீழ்வீட்டம்மா.

"வீட்டை விக்கிறீங்களாமே டீச்சர்? சனிக்கிழமை தரகர் வர்றாராமே?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பால்கனியில செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன், மேலேருந்து காதுல விழுந்தது. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாமலா?" என்று சொல்லிவிட்டு டீச்சர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். கூடத்தில் மூவரும் அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, இந்த வீட்டை விக்கப் போறோமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தோம்," என்றான் கணவன், புதினா வாசனையோடு.

"எப்போ? சாமானை லாரியில ஏத்தினப்புறமா?"

"கோவப்படாத பாப்பா," என்றார் அண்ணன். "நீதானே வெளியே வர மாட்டேன்னு சொன்ன? நாங்க உன் பேச்சைத்தானே கேட்டு நடக்குறோம்?"

"நான் சிகரெட்டைத்தாண்ணா விட்டேன், குடும்பத்தை இல்ல. உள்ளே வந்து பேசினா நாக்கு உள்ளே போயிடுமா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "கை சும்மா இருந்தா வாய் ஓட மாட்டேங்குது பாப்பா."

சொல்லிவிட்டு எழுந்தார். மூவரும் இதைப் பற்றிப் பேசப் பால்கனிக்குப் போனார்கள்.

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கதையை டீச்சரின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வதென்று தீர்மானித்திருந்தேன். அவள் பார்ப்பதைத்தான் நான் பார்ப்பேன், அவள் கேட்பதைத்தான் நான் கேட்பேன். அவளோ கதவுக்கு உள்ளே. கதையில் நடக்க வேண்டியது எல்லாம் கதவுக்கு வெளியே. வீட்டை ஏன் விற்கிறார்கள், யார் யோசனை, எங்கே போகிறார்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நானும் அவளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அண்ணனின் கை ஒரு சதுரம் வரைந்தது. வீடா? ஃப்ரிட்ஜா? கணவன் தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை!

சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பேச்சும் நிறையப் புகையும் வந்தன. டீச்சர் இருமிக்கொண்டே மூடினாள். கீழ்வீட்டம்மாவைக் கதைசொல்லி ஆக்கலாமா என்றுகூட ஒரு வாரம் யோசித்தேன்.

5 (அடித்த பகுதி, படிக்காமலும் போகலாம்)

எழுதுகிறவளுக்குக் கதவேது என்பீர்கள். சரி என்று ஒரு நாள் நான் மட்டும் வெளியே போனேன். கேட்டது இதுதான்.

"இந்த வீட்டை என்ன பண்றது?"

"வித்துடலாம்."

"ம்."

"பாப்பாகிட்ட?"

"சொல்லிக்கலாம்."

பிறகு ஒரு சிகரெட் நேரம் மௌனம். பிறகு யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர். இவ்வளவுதானா! ஒரு பெண்ணின் வீடு, ஐந்து வரியில்? எரிச்சலில் பேனாவை மூடினேன். அதுவும் போக, டீச்சருக்குக் கேட்காததை நான் ஒட்டுக்கேட்டு வந்து உங்களிடம் சொல்வது, மாடிப்படியில் நின்று வம்பு பேசுவதைவிட எந்த விதத்தில் உசத்தி? அடித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

6

அடுத்து நான் செய்ததை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவளைத் தூண்டினேன்.

ஒரே ஒன்று. பேச்சு முடியும் வரைக்கும்தான். அப்புறம் மறுபடி விட்டுவிடலாம் என்று டீச்சர் தனக்குள்...

பேனா எவ்வளவு லேசாக ஓடியது தெரியுமா? கதை தானாக நகர்ந்தது. கதவு திறந்தது, நால்வரும் பழையபடி நின்றார்கள், டீச்சரின் வாதத்துக்கு மதிப்பு வந்தது, வீடு விற்கப்படவில்லை, கணவன் அவள் தோளில் கை போட்டான். எட்டுப் பக்கம். அருமையான முடிவு. ஒரே ஒரு குறை: தொண்ணூற்றாறு நாள் போய், மறுபடி ஒன்று.

இன்னொரு முடிவும் கைவசம் இருந்தது. டீச்சர் அழுகிறாள், மூவரும் மனம் உருகி மூன்று பெட்டிகளையும் கசக்கி எறிகிறார்கள். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் வீட்டில் புகைக்கிற ஆள் உள்ள எந்த வாசகியாவது இதை நம்புவாளா? கசக்கி எறிந்த பெட்டியை மறுநாள் நீவி எடுத்தவர்களைப் பார்த்தவள்தானே அவளும்.

அடுத்த வகுப்பில், கதை என்று சொல்லாமல், டீச்சரிடமே மெல்லக் கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு பிடிச்சா என்ன ஆகும்?"

"சிவப்பு விளக்குல ஒரே ஒரு தடவை போனா என்ன ஆகும்னு பரீட்சையில கேட்டா என்ன எழுதுவீங்க?" என்றார். "கியரைப் போடுங்க. அது வைப்பர். கியர்."

7

சனிக்கிழமை. காலை பத்தரை. பதினொரு மணிக்குத் தரகர் வருகிறார்.

டீச்சர் இரண்டு வகுப்புகளை முடித்துவிட்டு வந்திருந்தாள். இரண்டாவது மாணவர் நடைபாதையில் ஏறி, ஒரு சைக்கிளை முத்தமிட்டு நின்றிருந்தார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூவரும் பால்கனிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"தரகர் வர்றதுக்குள்ள எனக்குக் கொஞ்சம் பேசணும்," என்றாள்.

"இதோ, ஒண்ணு பிடிச்சுட்டு வந்துடறோம்," என்றான் கணவன். கதவு இறுக்கமாகச் சாத்திக்கொண்டது.

அவள் கண்ணாடியருகே நின்றாள். அப்பா வாயில் இரண்டு சிகரெட்டை வைத்து இரண்டையும் கொளுத்தினார். பத்தொன்பது வருடப் பழக்கம், ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நீட்டினார். அங்கே ஆள் இல்லை. திரும்பி, கண்ணாடிக்குள் நிற்கும் மகளைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

கதவைத் தள்ளினால் அந்தச் சிகரெட் நாலே அங்குலத்தில். நான் மூச்சு விடவில்லை. சத்தியமாக இந்த முறை நான் எதையும் தூண்டவில்லை.

அவள் கை கதவுக்குப் போனது. கொக்கியை உள்பக்கமாகப் போட்டது.

அண்ணன்தான் முதலில் திரும்பினார். கதவை இழுத்தார். தட்டினார். டீச்சர் செல்போனை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"என்னது, பூட்டிட்டியா?"

"ஸ்பீக்கர்ல போடுங்க."

"என்ன?"

"ஸ்பீக்கர்!"

"என்ன பாப்பா விளையாட்டு இது?" அண்ணனின் குரல் செல்போனில் கரகரத்தது.

"விளையாட்டு இல்லண்ணா, மீட்டிங். மூணு பேரும் தாராளமா பிடிச்சுக்கிட்டே பேசுங்க. எனக்குக் குரல் மட்டும் போதும்."

ஐந்து மாதம்! தோளுக்குப் பின்னால் நிற்பதா, வெளியே போவதா, கீழ்வீட்டம்மாவைக் கூப்பிடுவதா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இவள் ஒரே ஒரு போன் போட்டாள். எனக்கும் எல்லாம் கேட்கத் தொடங்கியது.

"வீட்டை விக்கலாம்னு முதல்ல சொன்னது யாரு?"

மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தார்கள்.

"அண்ணா, நீயா?"

"நான் எதுக்கும்மா சொல்றேன்? எனக்கென்ன வந்தது?"

"நீங்களா?"

"ஐயோ, நான் 'ம்'னு மட்டும்தான் சொன்னேன்."

"அப்பா?"

அப்பா மருமகன் கையிலிருந்து செல்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"மூணு மாடி ஏற முடியல பாப்பா. ரெண்டாவதுலயே மூச்சு வாங்குது. தரையோட இருக்கிற மாதிரி ஒரு வீடு..."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா இருக்கும். நீ விட்டப்புறம்தான் கவனிச்சேன். நீ தடதடன்னு ஏறிப் போயிடுற. நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

டீச்சர் கண்ணாடியை ஒட்டி நின்று, அந்த முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"இதை உள்ளே வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். கையில இருக்கிறதைக் கீழே போடுங்கன்னு சொல்லுவ."

"சொல்லாம கொஞ்சுவாங்களா?" டீச்சரின் குரல் உயர்ந்தது. "மூச்சு வாங்குதுன்னு சொல்றதுக்கே ஒரு சிகரெட் தேவைப்படுற மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது! ஒரு சிகரெட்டை விட முடியலன்னு மூணாவது மாடி வீட்டையா விடுவாங்க?"

அண்ணன் சிரிக்கப் போய்ப் புகை சிக்கி இருமினார். இருமலுக்கு நடுவே, செல்போனில், எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கேட்டது.

"டீச்சர் சொல்றது நியாயம்தானே!"

"அம்மா, அந்தச் செடி அழுகிடப் போகுது, தண்ணி ஊத்தினது போதும்!" என்று அண்ணன் கீழே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

வாசல் மணி அடித்தது.

8

நான் வைத்திருந்த முடிவு எதுவும் இங்கே பொருந்தவில்லை. அப்பா சொன்னது பொய்யில்லை, அந்த மாடிப்படி உண்மை. டீச்சருக்கு அந்த வீடு வேண்டும், அதுவும் உண்மை. கொக்கியை எடுத்தால் மூவரும் உள்ளே வருவார்கள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவார்களா என்பது தெரியாது. வாசல் கதவைத் திறந்தால் தரகர். எதையும் திறக்காவிட்டால் தொண்ணூற்றேழாம் நாளுக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம்.

என்ன நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். "அவள் இப்படிச் செய்திருக்கலாம்" என்று நீங்கள் இந்நேரம் வாயெடுத்திருப்பீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அவளைக் கேட்காமல், அவளுக்காக முடிவெடுக்க ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். நான் நான்காவது ஆளாக மாட்டேன். நீங்களும் ஐந்தாவதாக வந்து நிற்காதீர்கள்.

மணி மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும். அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.