வேலி தாண்டும் பாடம்

எழுபத்தைந்து வயதில் என்னை வகுப்பில் உட்காரச் சொன்னது அரசாங்கம். எங்கள் கொலராடோவில், 1949 ஜனவரி ஒன்றிலோ அதற்குப் பிறகோ பிறந்தவன் பாதுகாப்பு வகுப்பில் தேறிய அட்டையைக் காட்டினால்தான் வேட்டைக்கு லைசென்ஸ். நான் அந்த வருஷம் மார்ச்சில் பிறந்தவன். அண்ணன் வெர்ன் மூன்று வருஷம் மூத்தவன், அவனுக்கு வகுப்பே வேண்டாம். துப்பாக்கிக்குப் பிறந்த தேதி தெரியுமா என்ன?

நான் துப்பாக்கியைத் தொட்டு ஐம்பத்தேழு வருஷம். வெர்ன்தான் இந்தக் கோடையில் ஆரம்பித்தான்.

"ஒரே ஒரு தடவை எல்க் மானுக்குப் போகணும்டா. இந்தக் காலோட தனியா முடியாது. நீ வா."

அந்தக் கால் என்னோடு வேலி தாண்டும்போது போனது. முள்கம்பி விசையில் மாட்டி என் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. வெர்னும் அதையே நம்புகிறான் என்று நினைத்திருந்தேன். அவன் கூப்பிட்டால் எப்படி மறுப்பது?

தீயணைப்பு நிலையத்தில் வகுப்பு. சொல்லித் தந்தவள் லொரீன், கறாரான பெண்.

"தானா வெடிச்ச துப்பாக்கிய யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

கையைத் தூக்கினேன்.

"இல்லைங்கய்யா. நீங்க பாத்தது, யாரும் திறந்து பாக்காத துப்பாக்கி."

எனக்குச் சுருக்கென்றது. படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் வெளியே இரண்டு கம்பத்தில் முள்கம்பி கட்டியிருந்தார்கள். துப்பாக்கியைத் திறந்து குண்டு இருக்கிறதா பார், குழலை வேறு பக்கம் திருப்பு, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம் கொடு. வாங்குகிறவன் 'வாங்கிட்டேன்' என்று சொல்லும்வரை பிடியை விடாதே. இதில் தவறினால் அட்டை கிடையாது. எனக்கு ஜோடி இல்லை. காரில் காத்திருந்த வெர்னைக் கூப்பிட்டாள். அவன் கோலை ஊன்றி வந்தான்.

"பாத்துடா, இன்னும் ஒரு கால்தான் மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திறந்து பார்த்தேன். காலி. மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

"உள்ள என்ன குருவியா கூடு கட்டியிருக்கு? குடுறா."

"அன்னிக்கு நான் திறந்து பாக்கலண்ணே. கம்பி எதையும் இழுக்கல. என் விரல்தான் விசைல இருந்துச்சு."

சிரிப்பு நின்றது. வெர்ன் வேலிக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்தான்.

"தெரியும்டா. எதிர்ல நின்னவனுக்குத் தெரியாதா? அப்பா உன்னக் கொன்னுடுவாருன்னு கம்பி மேல பழியப் போட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன், கெழவனாயிட்ட."



"ஐயா," என்றாள் லொரீன் மெதுவாக, "பேசும்போது குழல் அவர் பக்கம் இறங்கிடுச்சு. இது செல்லாது. மறுபடி செய்யுங்க."

சரியாகத்தான் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து செய்தேன். திறந்தேன், பார்த்தேன், குழலை மலைப் பக்கம் திருப்பி நீட்டினேன். வெர்ன் இறுகப் பிடித்தான். நான் விடவில்லை.

"வாங்கிட்டேன்," என்றான்.

அப்புறம்தான் விட்டேன்.