கலங்கரை விளக்கக்காரரின் பூனை

எங்கள் மருத்துவமனையில் வருடத்துக்கு ஒருமுறை சிறந்த ஊழியருக்கு விருது கொடுப்பார்கள். பெயரை மூன்று முறை அழைப்பார்கள். அதற்குள் ஆள் மேடை ஏறாவிட்டால் விருது அடுத்தவருக்குப் போய்விடும். ரூட்டக்காவைத் தோற்கடிக்கவென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட விதி போல இருக்கும். போன இரண்டு வருடமும் முதலில் அழைத்தது அக்காவைத்தான். ஒரு வருடம், ஒரு நோயாளியின் வீட்டுக் குளியலறையில் எந்தச் சுவர் கைப்பிடியைத் தாங்கும் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வருடம், பேச்சுவார்த்தையே இல்லாத மாமனாரையும் மருமகனையும் ஒரே லிஃப்டில் ஏற்றி, சமாதானமாகும் வரை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தார். இரண்டு முறையும் விருது எக்ஸ்ரே பிரிவுக்குப் போனது.

அக்கா எங்கள் கேஸ் மேனேஜர். சிகிச்சை முடிந்தவர் எங்கே போவார், எதில் போவார், போன இடத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவர் தலையில்தான். எல்லோருக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவதால் ரூட்டக்கா. நோயாளிக்கு ஒன்றாக மஞ்சள் சீட்டு எழுதி, கழுத்து நாடாவில் கிளிப் போட்டு மாட்டியிருப்பார். ஆள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று போன் வந்ததும் சீட்டை இரண்டாகக் கிழிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் வார்டில் இருப்பவர்கள் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இடம் மாடிப்படிக்குக் கீழே, குளிர்பான எந்திரத்துக்குப் பக்கத்தில். பதினாலாம் படுக்கைக்காரரின் மகளிடம், "அப்பா இனிமே சக்கர நாற்காலியிலதான்மா" என்று அக்கா மெல்லச் சொன்ன நேரத்தில், எந்திரத்துக்குள் ஒரு பாட்டில் டமால் என்று விழுந்தது. அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பாட்டிலை எடுக்க வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அதை அவளிடமே நீட்டினார்.

இந்த வருட விருதோடு இரண்டாம் மாடியில் ஓர் அறையும் உண்டு. கதவு உள்ள அறை. எக்ஸ்ரேக்காரர்கள் அலமாரி வைக்க அளவெடுத்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் தலைமை நர்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டு எழுத்தரான என்னை மருந்து அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"விருதுன்னு கூப்பிட்டா அவங்க வரமாட்டாங்க. கேஸ்னு கூப்பிட்டா பறந்து வருவாங்க. நீ ஒரு ஆள உண்டாக்கு."

"உண்டாக்குறதா? எப்படி சிஸ்டர்?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தித் தொலைச்சிடாத. சீட்டுல மட்டும் எழுது. வயசானவரு, மூணு மணிக்குக் கிளை ஆஸ்பத்திரியிலருந்து வர்றாரு, டைரக்டர் கையெழுத்து வேணும், டைரக்டர் ஹால்ல இருப்பாரு. முடிஞ்சுது. சுருக்கமா எழுது, என்ன?"

சுருக்கமாக எழுது என்று என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. மேஜை டிராயரில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பாதி திறந்து வைத்திருப்பவள் நான். 'வயது 74' என்று எழுதியதும் அவர் முகம் தெரிந்தது. ஓய்வு பெற்ற கலங்கரை விளக்கக் காவலர். உயரத்தில் படுத்தால்தான் தூக்கம் வரும், அதனால் லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில் தனியாக வசிக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. ஒற்றைக்கண் பூனை ஒன்று உண்டு, அதற்கு ஒரு வழி செய்யாமல் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளமாட்டார். முகவரி என்ற இடத்தில் கை தானாகச் சித்தப்பா வீட்டு முகவரியை எழுதியது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நாலாவது மாடி அதுதான்.

காலை பத்து மணிக்குச் சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"ஐயோ பாவம். கடலயே பாத்துட்டு இருந்த மனுஷன் இனி சுவரப் பாத்துட்டு இருக்கணுமா?" என்றபடி போனை எடுத்தார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா முகமெல்லாம் பல்லாக வந்தார். "மறுவாழ்வு மையத்துல ஒரே ஒரு படுக்கை காலி. ஜன்னல் பக்கம்! நாலு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன்னுட்டாங்க. வண்டியும் சொல்லிட்டேன்."

அந்தப் படுக்கைக்காகத்தான் பதினாலாம் படுக்கைக்காரர் ஒன்பது நாளாகக் காத்திருந்தார்.

"அக்கா, பதினாலு?"

"அவருக்குப் பொண்ணு இருக்கா. இவருக்குப் பூனைதான இருக்கு? மனசு கேக்கல. அடுத்த படுக்கை பதினாலுக்குத்தான்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தலைமை நர்ஸ் என் காலை மிதித்தார். அக்கா போனதும், "நாலு மணி வரைக்கும் படுக்கை இருக்குல்ல? மூணுக்கு விருது. மூணே காலுக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறந்த, உன்ன ராத்திரி ஷிப்டுல போட்டுடுவேன்" என்றார்.

இரண்டரைக்குச் சித்தப்பா போன் செய்தார்.

"ஏம்மா, உங்க ஆஸ்பத்திரி சலவை வண்டி டிரைவராம். கூடையோட வந்து நிக்கிறான். பூனையக் குடுங்கிறான்."

"சித்தப்பா, அது வந்து..."

"பூனையே கிடையாதுப்பான்னா நம்பமாட்டேங்குறான். கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாத்துட்டான். இப்போ, 'இடுப்பு ஒடிஞ்சும் எப்படி சார் நிக்கிறீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடுறான்! நான் எப்பம்மா கலங்கரை விளக்கத்துல வேல பாத்தேன்? முப்பது வருஷம் தபாலாபீஸ்லதான இருந்தேன்?"

"ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க சித்தப்பா, ப்ளீஸ்!" என்று போனை வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன்.

ஹால் நிறைந்திருந்தது. டைரக்டர், அக்காவின் பெயரை ஒரு முறை அழைத்தார். ஆள் இல்லை. இரண்டாம் முறை. எக்ஸ்ரே பிரிவின் தலைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானார். கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் மஞ்சள் சீட்டுகள் பறக்க அக்கா வந்தார். ஹாலே கைதட்டியது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. நேராக மேடை ஏறி, டைரக்டர் நீட்டிய கேடயத்தை வாங்கி, அதன் மேலேயே படிவத்தை வைத்து நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து சார். வண்டி கீழ நிக்குது."

"அம்மா, இது உங்களுக்கு விருது."

"சந்தோஷம் சார். மொதல்ல கையெழுத்து. கலங்கரை விளக்கத்துல இருந்தவரு, பாவம்."

டைரக்டர் கையெழுத்துப் போட்டார். அவர் எதற்கும் கையெழுத்துப் போடுபவர்தான். இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் நான் மனுஷியில்லை என்று மேடைக்கு ஓடி, மைக் திறந்திருப்பது தெரியாமல் சொன்னேன்:

"அக்கா, அப்படி ஒரு ஆளே கிடையாது. நான்தான் எழுதினேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

"ஆளே கிடையாதா?"

"கிடையாதுக்கா."

"அப்போ படுக்கை?"

"காலிதான்க்கா."

"வண்டி?"

"கீழ நிக்குதுக்கா."

"அப்புறம் என்னடி பேச்சு? பதினால இறக்கு!" என்று கேடயத்தை என் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து குதித்தார். தலைமை நர்ஸ் பின்னால் ஓடினார். அவர் பின்னால் பாதி ஹால் ஓடியது. எக்ஸ்ரே தலைவரே லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார், தங்கமான மனுஷன். மூன்று இருபத்தைந்துக்குப் பதினாலாம் படுக்கைக்காரர் வண்டியில் இருந்தார். ஏன் இத்தனை பேர் தன்னை வழியனுப்புகிறார்கள் என்று புரியாமல், ஒரு மந்திரியைப் போலக் கையசைத்தார். அவர் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று ஐம்பதுக்கு மையத்திலிருந்து போன் வந்தது. அக்கா பதினாலின் சீட்டைக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு அப்படி ஒரு கைதட்டல்.

மாலையில் இரண்டாம் மாடி அறையைத் திறந்து பார்த்தோம். அக்கா கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். காதை வைத்துக் கேட்டார். பாட்டில் விழும் சத்தம் வரவில்லை. கலங்கரை விளக்கக்காரரின் சீட்டு இன்னும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

"திட்டுங்கக்கா" என்றேன்.

"இரு, வரிசையா வர்றேன்" என்றார்.

அப்போது கதவைத் தட்டிவிட்டுச் சலவை வண்டி டிரைவர் கூடையோடு உள்ளே வந்தார். "சாரு ரொம்பப் பிடிவாதம் பிடிச்சாருக்கா. கடைசியில அவரே மாடிப்படியிலருந்து பிடிச்சுக் குடுத்துட்டாரு. ஆனா ஒரு சந்தேகம். இதுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு."

கூடைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அக்கா பழைய சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். வயது தெரியாது. தனியாக இருக்கிறது. தங்க இடம் வேண்டும்.

பிறகு பேனாவை மூடாமல் என் பக்கம் திரும்பினார்.

"உன் வீடு எத்தனாவது மாடி?"