தங்கச்சிக்கு வழி விடு

ஒன்பது சுற்றுக்கு ஒரு முறை பெரியவளை அவள் தங்கை தாண்டிப் போனாள். அந்த சீசன் முழுக்க இதுதான் நடந்தது.

பந்தயம் ஒன்று, தடமும் ஒன்று. ஆனால் அதில் இரண்டு வகுப்புக் கார்கள் சேர்ந்தே ஓடின. தரையோடு ஒட்டிப் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரு வகுப்பு. மளிகை வாங்கப் போகிற வண்டிக்குப் பந்தய உடுப்பு மாட்டியது போன்ற டூரிங் கார்கள் இன்னொரு வகுப்பு. இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி, தனித்தனிக் கோப்பை. சின்னவள் முதல் வகுப்பில். பெரியவள் இரண்டாவதில்.

சீசன் தொடங்குமுன் அணி முதலாளி இரண்டு பேரையும் ஒரே நாளில் ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு சுற்றில் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் வித்தியாசம். காரோ ஒன்றே ஒன்று. அது சின்னவளுக்குப் போயிற்று.

"அவ காலையில ஓட்டினா. எனக்கு மொட்டை வெயில்ல, அவ தேய்ச்சு வெச்ச டயர்ல குடுத்தாங்க" என்றாள் பெரியவள் கணவனிடம். அவன்தான் அவள் காருக்கு எஞ்சினியர். ரேடியோவில் அவளோடு பேசுகிறவன்.

"சரி, வெயில் மேல புகார் எழுதிக் குடுத்துடலாமா?" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை.

அப்பா ஒரு பந்தயத்தையும் விடாமல் தொலைக்காட்சியில் பார்த்தார். கேமரா எப்போதும் முன்னால் போகிறவர்களைத்தானே துரத்தும். பெரியவள் தன் வகுப்பில் இரண்டு பந்தயம் வென்ற பிறகும், வீட்டுக்குப் போனால் அப்பா சொன்னது, "நாலாவது வளைவுல சின்னவ ஒரு வெள்ளைக் காரைத் தாண்டினா பாரு, என்ன லாவகம்."

"அந்த வெள்ளைக் கார் நான்தாம்ப்பா."

"அப்படியா?" என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "வர்ணனையில அதை டிராஃபிக்னுதான் சொன்னாங்க."

டிராஃபிக். அம்மா பரிமாறிய சோற்றைப் பெரியவள் அன்று பாதியிலேயே தள்ளி வைத்தாள். எதிரே உட்கார்ந்து இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்ட சின்னவளுக்கு ஏன் என்றே தெரியவில்லை. "உடம்பு சரியில்லையாக்கா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

ஓட்டுநர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. பின்னால் வேகமான கார் வந்தால், மெதுவான காரில் இருப்பவர் இண்டிகேட்டர் போட்டு இந்தப் பக்கம் போ என்று காட்டுவார். சட்டம் இல்லை, மரியாதை. சட்டம் என்பது நீலக்கொடி மட்டும்தான். அது அசைந்தால் குறுக்கே மறிக்கக் கூடாது. பெரியவள் எல்லோருக்கும் இண்டிகேட்டர் போட்டாள், தங்கைக்கு மட்டும் போடவில்லை. சின்னவள் தானாகவே இடம் கண்டுபிடித்துப் போய்விடுவாள். போகும்போது நன்றிக்கு ஒரு கையை உயர்த்துவாள் வேறு. அந்தக் கையைத்தான் பெரியவளால் பொறுக்கவே முடியாது.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறேன். டூரிங்ல சாம்பியன் ஆயிட்டு வாங்க, அது உங்களுக்குத்தான்."

போட்டிக்கு இருந்தது ஒரே ஆள். எல்லோரும் வாத்தியார் என்று அழைக்கும் நீல நிறக் காரின் ஓட்டுநர். நிஜமாகவே கணக்கு வாத்தியார். வாரநாளில் பள்ளிக்கூடம், வாரக்கடைசியில் பந்தயம். புள்ளியில் இருவரும் சமம். யார் முன்னால் முடிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

"மேடம், இன்னிக்கு ரிசல்ட் எப்படி வந்தாலும் திங்கட்கிழமை நான் விடைத்தாள் திருத்தணும்" என்றார் அவர் தலைக்கவசத்தை மாட்டியபடி. "அதனால எனக்குப் பதட்டமே இல்ல."

பெரியவளுக்குப் பதட்டம் இருந்தது. ஆனாலும் நன்றாகவே ஓட்டினாள். இரண்டு சுற்று பாக்கி இருக்கையில் வாத்தியார் ஒரு கார் நீளம் பின்னால். அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

"பின்னால உன் தங்கச்சி வர்றா" என்றான் கணவன் ரேடியோவில். "அவதான் மொத்தத்துல முதல்ல இருக்கா, ஒரு நொடி பின்னால போட்டிக்கு ஒருத்தன். நேர்ப்பாதையிலயே விட்டுடு. உனக்கு ஒண்ணும் குறையாது."

கண்ணாடியில் பார்த்தாள். வாத்தியார் இடது இண்டிகேட்டர் போட்டார். சின்னவள் அந்தப் பக்கமாக அவரை வழுக்கிக்கொண்டு தாண்டி, இப்போது இவள் முதுகுக்கு வந்துவிட்டாள். ஓரத்தில் நீலக்கொடி அசைந்தது.

"தங்கச்சிக்கு வழி விடு" என்றான் கணவன்.

சிறுவயதிலிருந்து அந்த மூன்று சொல்லை ஏதோ ஒரு விதத்தில் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வளைவு, என்று நினைத்தாள். ஒரு வளைவுக்கு அவள் என் பின்னால் வரட்டும்.

ஏழாவது வளைவில் சின்னவள் உட்பக்கம் மூக்கை நுழைத்தாள். பெரியவள் அதே பக்கம் காரை இழுத்து மறித்தாள். வாத்தியாருக்கு எதிராக ஒரு நாளும் செய்யாததை, தன் பந்தயத்திலேயே இல்லாத காருக்கு எதிராகச் செய்தாள். பிரேக் தாமதமானது. கார் வளைவுக்கு வெளியே சறுக்கி, டயர்த் துகள்கள் குவிந்த ஓரத்துக்குப் போய்ப் புழுதி கிளப்பியது. சின்னவள் போனாள். அவள் பின்னாலேயே வாத்தியாரும் போனார்.

மிச்சமிருந்த ஒன்றரைச் சுற்றில் அவரைப் பிடிக்க முடியவில்லை. ரேடியோவில் கணவன் இடைவெளி எத்தனை நொடி என்பதை மட்டும் சொன்னான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

சின்னவள் மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தாள். ஆனால் கோப்பை கொடுக்குமுன் இரண்டு பேரையும் நடுவர்கள் தங்கள் அறைக்கு அழைத்தார்கள். மூன்று நாற்காலி, ஒரு மேசை, சுவரில் தடத்தின் படம். நடுவில் இருந்த தலைமை நடுவர் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏழாவது வளைவுல டூரிங் கார் வெளிய போயிருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் முன்பக்கத்துல புதுசா ஒரு கீறல். புழுதியில வீடியோ தெளிவா இல்ல. இடிச்சீங்களா?"

இடித்திருந்தால் முப்பது நொடி தண்டனை. சின்னவளின் கோப்பை பின்னால் வந்தவனுக்குப் போய்விடும். பெரியவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தாலே போதும்.

"தெரியல சார்" என்றாள் சின்னவள். கண் கலங்கியிருந்தது. "லேசா தட்டின மாதிரி இருந்துச்சு. அக்கா சும்மா வெளிய போற ஆள் இல்ல. நான் பொறுமையா இருந்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன். என்னாலதான் அக்காவுக்குக் கோப்பை போச்சு. தண்டனை குடுங்க, ஏத்துக்கறேன்."

நடுவர் பேனாவை எடுத்தார்.

பெரியவளுக்கு எல்லாம் கண்முன் ஓடியது. கோப்பை போகும், சரி. ஆனால் அதற்குப் பதில் என்ன கிடைக்கும் சின்னவளுக்கு? அக்காவுக்காகக் கோப்பையையே விட்டவள். அப்பா ஆயுசுக்கும் சொல்லுவார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அம்மா சொல்லுவாள். காரையும் கொடுத்து, அப்பாவின் பாராட்டையும் கொடுத்து, தியாகி பட்டத்தையும் சேர்த்துக் கொடுப்பதா? அது மட்டும் முடியாது.

"தட்டவே இல்ல சார்" என்றாள். "தட்டியிருந்தா எனக்குத் தெரியும். அந்தக் கீறல் வளைவோட ஓரக்கட்டையில உரசினது. நீலக்கொடியைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மறிச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

நடுவர் வேறு காகிதம் எடுத்தார். அடுத்த சீசனில் முதல் இரண்டு பந்தயங்களுக்கு அவளுக்குத் தடை. சின்னவள் மேல் குற்றமில்லை.

வெளியே நடைபாதையில் வாத்தியாரின் ஆட்கள் தங்கள் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்க்கா?"

"எதைக் கேக்கற? வழி விடாததையா, உள்ள சொன்னதையா?"

"ரெண்டையும்."

"ரெண்டுக்கும் ஒரே காரணம்தான்."

சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது. பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. ஒலிபெருக்கியில் அவள் கார் எண்ணைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"போ, கூப்பிடறாங்க" என்றாள் பெரியவள்.

சின்னவள் போனாள். இந்த முறை கையை உயர்த்தவில்லை.