சாமிக்கு நேர்ந்த முடி

என் மகன் யதுர்ஷனுக்கு இப்போது ஆறு வயது. தலையில் ஜெல் தடவி முடியை முள்ளுமுள்ளாக நிறுத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான். தடவிக்கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறான். பெரிய துரை! இந்தத் தலையில் ஒரு காலத்தில் தோளைத் தாண்டிச் சுருள்முடி புரண்டது என்றால் அவனே நம்புவதில்லை.

கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, கதிர்காமத்து முருகனிடம் அழுது கெஞ்சி வாங்கிய பிள்ளை அவன். பிறந்த முடியை மூன்றாம் வயதில் கதிர்காமத்துக்கே வந்து இறக்குவதாக நேர்ந்திருந்தோம். அதுவரை கத்தரி படக் கூடாது. தினமும் காலையில் அவனை மடியில் இருத்தி, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரண்டு குடுமி போட்டு ரிப்பன் கட்டுவேன். தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளைக்கு பஸ்ஸில் போனால் சிங்களப் பெண்கள் "லஸ்ஸன துவ" என்று அழகான மகளாக நினைத்துக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவன் உடனே சட்டையைத் தூக்கி, தான் மகள் இல்லை என்று காட்டிவிடுவான். பஸ்ஸே சிரிக்கும்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். என் வீட்டுக்காரர் இந்திரகுமார் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். தோட்டத்து லயத்து வீட்டில் நானும் அவனும்தான். என் மடிக்கு வேறு ஆள் இல்லை.

மூன்று வயதாவதற்குள் நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூத்ததுக்கு மொட்டை போடக் கூடாது, போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். அவரும் தாடி எடுக்காமல், முடி வெட்டாமல் சாமியார் கோலத்தில் திரிந்தார். பிரசவம் முடிந்த பிறகுதான் கதிர்காமம் என்று முடிவாயிற்று. கேட்டவர்களிடம் சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள். காலையிலிருந்தே யது என் உயிரை எடுத்தான். பருப்பு வேண்டாமென்று தட்டைத் தள்ளினான். பருப்பைக் கழுவி வெறும் சோறு கொடுத்தால் பருப்பு எங்கே என்று புரண்டு அழுதான். என் ஒற்றைச் செருப்பைத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, "தூக்கு, தூக்கு" என்று காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்மாவுக்கு முடியாதுடா. வயித்துல பாப்பா இருக்குல்ல?"

"பாப்பா வேணாம். பாப்பா போ!" என்று வயிற்றில் ஓங்கிக் குத்தினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே. இடுப்பு விட்டுப்போயிருந்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. குத்தகைக்கு எடுத்திருந்த மரங்களிலிருந்து எடுத்த பாலை ஒரு வாளியில் கொண்டுவந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தையும் மழைக்கு முன் எடுக்க அவர் ஓடினார். பாலை உறையவைக்கும் ஆசிட் போத்தலை மட்டும் கவனமாக மேலே ஏற்றி வைத்தார். நான் பாயில் சாய்ந்து, பக்கத்தில் யதுவைப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தேன். முதலில் தூங்கியது நான்தான்.

வயிற்றில் ஏதோ குளிர்ந்ததும் விழித்தேன். யது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெள்ளை. நெற்றியில் வழிந்து, புருவத்தில் ஒட்டி, சுருள்முடி எல்லாம் ஒரே கட்டியாக இறுகத் தொடங்கியிருந்தது. வாளி பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது.

நான் யோசிக்கவில்லை. முதுகில் இரண்டு வைத்தேன். அவன் வீறிட்டு அழுத பிறகுதான் என் வயிற்றைப் பார்த்தேன். அங்கேயும் பால் பூசியிருந்தது, சின்ன உள்ளங்கை வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"எண்ணெ..." என்று விக்கினான். "எனக்கு எண்ணெ. பாப்பாவுக்கும் எண்ணெ."

அடித்த கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு, கீழ்ப்பாதையில் கடை வைத்திருக்கும் ஸபியாக்கா ஓடி வந்தார். பார்த்ததும் திரும்ப ஓடி, தேங்காயெண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்து தேய்த்தார். முகத்தில் இருந்தது கழன்றது. முடியில் இருந்தது அசையவில்லை. சீப்பு பட்டாலே தலைத்தோல் இழுபட்டு யது அலறினான்.

"இது ரப்பராயிட்டுது சுகந்தி. வெட்டத்தான் வேணும்" என்றார் ஸபியாக்கா. "எங்கட முஸ்லிம் ஆக்கள்னா புள்ள பொறந்த ஏழாம் நாளே முடி எறக்கிருவோம். இந்தத் தொல்லையே இல்ல."

நனைந்துகொண்டு வந்த இந்திரகுமார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாமி முடி. கத்தரி வைக்கக் கூடாது."

"புள்ள கத்துறது கேக்கலையாங்க?"

"கேக்குது. வயித்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? அஞ்சு வருசம் அழுதது மறந்து போச்சா உனக்கு?"

மறக்கவில்லை. ஆனால் யது அழுது அழுது குரல் அடைத்து, என் காலைப் பிடித்துக்கொண்டு "வலிக்கிது, தூக்கு" என்றான். இடுப்பு போனால் போகட்டும் என்று தூக்கினேன். உள்ளே இருக்கிற பிள்ளைக்காக வெளியே இருக்கிற பிள்ளையை இப்படி அழவிட எனக்கு மனசு வரவில்லை.

"கத்தரியக் குடுங்க" என்றேன். "பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

அவர் அசையவில்லை. ஸபியாக்காதான் எடுத்துக் கொடுத்தார். சாமி படத்தைப் பார்த்து, "முருகா, இவனும் நீ குடுத்ததுதான், வயித்துல இருக்கறதும் நீ குடுத்ததுதான். ஒன்ன வச்சி ஒன்ன வாங்காத" என்று சொல்லிவிட்டு வெட்டினேன். மடியில் விழுந்த ஒவ்வொரு சுருளுக்கும் அழுதேன். பயத்தில் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். பயமும்தான். ஆனால் முடி போனதும் என் மடியிலிருந்து ஒரு குட்டிப் பையன் நிமிர்ந்து பார்த்தான். என் கைக்குழந்தையைக் காணவில்லை.

வெட்டிய முடியை இந்திரகுமார் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்தார். பிள்ளை அசைகிறதா என்று இருவரும் காத்திருந்தோம். இருட்டும் நேரத்தில்தான் உள்ளே ஓர் உதை விழுந்தது. அந்தத் தாடிக்கார மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்கு ஆறு மாதமானதும் நால்வரும் கதிர்காமம் போனோம். யதுவுக்கு வளர்ந்திருந்த புதுமுடியை இறக்கி, அவரும் மொட்டை போட்டுக்கொண்டார். கடைசியாக அந்த மஞ்சள் முடிச்சை மாணிக்க கங்கையில் விட வேண்டும். என் கையில்தான் இருந்தது. அவர் பல தடவை சொன்ன பிறகே விட்டேன்.

ரப்பராயிற்றே, மூழ்கவில்லை. துணி அவிழ்ந்து, கறுத்த சுருளும் ரப்பருமாகக் கட்டி மெல்ல மிதந்து போனது. யது படியில் நின்று அதற்கு டாட்டா காட்டினான். தண்ணீரில் இறங்கி ஓடி அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சேலையைக்கூடத் தூக்கிச் செருகினேன்.

அப்போது தோளில் கிடந்த மகள் பசித்து அழுதாள். படியில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டு மாராப்பால் மூடிவிட்டு நிமிர்ந்தேன். ஆறுதான் போய்க்கொண்டிருந்தது.